குமிழைத் திருகினால் போதுமா?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், வெயிலுக்குப் பஞ்சமில்லாத சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு செடிக்கு விளக்குப் போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1000 வாட் விளக்குப் பெட்டியின் குமிழை 600க்குத் திருகிவிட்டு 600 வாட் பல்பைப் போடலாமா என்பதுதான் கேள்வி. சிரியுங்கள், பரவாயில்லை. கேமரன் மலையில் ராத்திரி செவ்வந்திக் கொட்டகைகள் ஜொலிப்பதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். இரவு நீண்டால் செவ்வந்தி சீக்கிரம் மொட்டு விட்டுவிடும். தண்டு நீள்வதற்காக விளக்கைப் போட்டு இரவைக் குறைக்கிறார்கள்.

எஸ்டேட்டில் வயர்மேனாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு சோக் மேல் ஒரு பைத்தியம். டியூப் லைட்டில் 'ம்ம்ம்' என்று முனகுமே, அதுதான். இப்படி உள்ளே வாயு அடைத்த விளக்கு பற்றிக்கொண்டால் கரண்ட் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். சோக்தான் அதைப் பிடித்துக் கட்டுக்குள் வைக்கிறது. தெருவிளக்கில் மஞ்சளாக எரியுமே, அந்த சோடியம் பல்புக்கும் அதே கதைதான். செடிக்கும் அதைப் போடுகிறார்கள். சோக்குக்குப் பதிலாக இப்போது வரும் டிஜிட்டல் பெட்டியில் 600, 750, 1000 வாட் என்று திருகும் குமிழ் வைத்திருக்கிறார்கள். வம்பே அந்தக் குமிழில்தான்.

தெரிந்த தம்பி ஒருவர் கடைவீட்டு மாடியில் நாற்று வளர்க்கிறார். "அண்ணே, குமிழ் 600ல இருக்கு, பல்பும் 600. அப்புறம் என்ன?" என்றார். பெட்டியோடு வந்த தாளைக் கேட்டேன். தேடு தேடென்று தேடிக் கொண்டுவந்தார். அவர் மகன் அதன்மேல் பெரிய யானை வரைந்திருந்தான், தும்பிக்கை கொஞ்சம் குட்டை. விஷயம் யானையின் காலடியில் இருந்தது: குமிழ் எங்கே இருந்தாலும், முதல் சில நிமிடம் இந்தப் பெட்டி பல்பை முழு 1000 வாட்டில்தான் எரிக்கும். அதாவது 600 பல்புக்கு 1000க்கான அடி, தினமும். தம்பி யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெட்டியும் அப்படியில்லை. சிறிய பல்பையும் தாங்குமென்று எழுதியே விற்பவை உண்டு. எழுதியிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். பல்பு வாட்டில் மட்டும் வேறுபடுவதில்லை. எரியும்போது 400 வாட் சோடியம் பல்புக்குச் சுமார் 100 வோல்ட், 1000 வாட்டுக்குச் சுமார் 250. குமிழுக்கு இதெல்லாம் தெரியாது. மறுபடி சொல்கிறேன், பெட்டியையும் பல்பையும் சேர்த்துப் படியுங்கள்.

1000 வாட் பல்பைக் குறைத்து எரிக்கலாமா? சோடியம் என்றால் பாதி வரை பெரும்பாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் குறைவதைவிட வெளிச்சம் அதிகமாகக் குறையும். எப்போதும் 600தான் வேண்டுமென்றால் 600 பெட்டி, 600 பல்பு வாங்குவதே லாபம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன். மெட்டல் ஹாலைடு பல்பு என்று வெள்ளையாக எரியும் இன்னொரு வாயு விளக்கு உண்டு, அதை ரொம்பக் குறைக்காதீர்கள், நிறம் மாறும். அணைத்த பல்பு ஆறும் வரை திரும்பப் பற்றாது. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள். எல்.இ.டி.க்கு சோக்கே கிடையாது, டிரைவர் என்று வேறு பெட்டி. ஒன்றின் பெட்டியில் மற்றதை மாட்டக் கூடாது. வணக்கம்.