எண் பூட்டுக்கு எண்ணெய் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். பழைய இரும்புப் பெட்டிகளின் பூட்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். இன்றைக்கு எண் பூட்டு பற்றி மட்டும் பேசப்போகிறேன். சாவி இருக்காது, கதவின் முகத்தில் ஒரு வட்ட டயல் மட்டும் இருக்கும். அதை இடமும் வலமுமாகத் திருப்பி மூன்று எண்களில் நிறுத்தினால் திறக்கும்.

நம் பக்கம் பரம்பரையாக வந்த பெட்டிகளில் சாவிப் பூட்டுதான் அதிகம். அது இங்கிலாந்துப் பெட்டிகளின் வழக்கம். அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். சாவித் துவாரத்தில் வெடிமருந்தைக் கொட்டிக் கதவைத் தகர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருடர்களுக்குக் கைவந்த வேலை. துவாரமே இல்லாத பூட்டுக்காக உழைத்தவர்களில் லைனஸ் யேல் ஜூனியரும், ராச்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் சார்ஜென்ட்டும் முக்கியமானவர்கள். சார்ஜென்ட், ஹால்பர்ட் கிரீன்லீஃப் என்பவரோடு சேர்ந்து நடத்திய சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப் கம்பெனி இன்றும் பூட்டுச் செய்கிறது. அடிப்படை அமைப்பு அன்று இருந்ததுதான்.

இந்தப் பூட்டுகளைக் கெடுப்பது பெரும்பாலும் திருடன் இல்லை, அன்பான உரிமையாளர்தான். “டயல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, எண்ணெய் ஸ்பிரே அடித்தேன், நன்றாகச் சுழன்றது, இப்போது சரியான எண் போட்டாலும் திறக்கவில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே பார்க்க வேண்டும்.

டயலின் நடுவிலிருந்து ஒரு தண்டு கதவைத் துளைத்து உள்ளே போகிறது. அதன் முனையில் ஒரு சக்கரம், ஓட்டும் சக்கரம் என்போம். டயலோடு நேரடியாக இணைந்தது அது ஒன்றுதான். மற்ற மூன்று சக்கரங்களும், பெரும்பாலும் பித்தளை, ஒரு குழாயின் மேல் வளையல் அடுக்கியதுபோலத் தளர்வாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டிருக்கும். டயலை ஒரு சுற்றுச் சுற்றினால் முதல் முனை அடுத்த சக்கரத்தைப் பிடிக்கும், இன்னொரு சுற்றில் அது அடுத்ததைப் பிடிக்கும். “முதல் எண்ணுக்கு நான்கு சுற்று” என்று சொல்வது இதற்காகத்தான். எல்லாச் சக்கரங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் டயலை எதிர்ப்பக்கம் திருப்புகிறோம். தொலைவில் உள்ள சக்கரம் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பல்லோ கொக்கியோ கிடையாது. தன்னுடைய இலேசான உராய்வில் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான். பக்கத்துச் சக்கரம் சுற்றும்போது அந்தச் சுழற்சி இதற்குத் தொற்றிவிடக் கூடாது என்று இடையிடையே மெல்லிய வாஷர் போட்டிருப்பார்கள். வாஷரின் உள்விளிம்பில் இருக்கும் சிறு நாக்கு குழாயில் உள்ள பள்ளத்தில் உட்காரும். அதனால் வாஷர் சுற்றாது. மூன்று சக்கரங்களின் விளிம்பில் உள்ள வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் போல்ட்டை இழுக்கும் நெம்புகோலான லீவரின் கட்டை அவற்றுக்குள் இறங்கும், லீவரின் மூக்கு ஓட்டும் சக்கரத்தின் பள்ளத்தில் மாட்டும், கதவைப் பூட்டிவைக்கும் போல்ட் பின்வாங்கும்.

இங்கே எண்ணெய் என்ன செய்கிறது பாருங்கள். தூசியோடு சேர்ந்து நாளடைவில் பிசினாக இறுகுகிறது. வாஷரும் சக்கரமும் ஒட்டிக்கொள்கின்றன. சும்மா நிற்க வேண்டிய சக்கரம் பக்கத்துச் சக்கரத்தோடு இழுபட்டு ஒன்றிரண்டு எண் நகர்ந்துவிடுகிறது. நீங்கள் சரியாகத்தான் போடுகிறீர்கள். உள்ளே எண் மாறிப்போகிறது. ஆகவே பழைய எண் பூட்டைப் பராமரிப்பது என்றால் எதையாவது ஊற்றுவது இல்லை, முன்னே ஊற்றியதை எல்லாம் எடுப்பது. கிராஃபைட் தூளும் வேண்டாம். பழைய எண்ணெயோடு கலந்தால் களிம்பாகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் கதவைத் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுங்கள். அடுத்து, பூட்டின் மூடியில் கை வைக்காமல் கதவின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1920, 30களில் சில பெட்டிகளுக்குள் கண்ணீர்ப்புகைக் குப்பி மாட்டினார்கள். உள்ளே இருப்பது குளோரோபிக்ரின், முதல் உலகப் போரில் பயன்பட்ட நச்சுத் திரவம். கதவை உடைத்தால் கண்ணாடிக் குப்பி உடைந்து திருடனை விரட்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குப்பி இன்றும் உடையாமல் இருக்கலாம். பூட்டுக்கு அருகில் பூட்டோடு சம்பந்தமில்லாத உலோகக் கூடோ கண்ணாடிக் குழாயோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரை அழையுங்கள். இதில் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

கதவுக்குள் அடைத்திருக்கும் நிரப்புப் பொருளையும் சுரண்டவோ துளையிடவோ கூடாது. சில காலத்துப் பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதற்கு முந்தைய பெட்டிகளில் ஜிப்சம், படிகாரம், சிமென்ட் போன்றவை. இவற்றுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. தீப்பிடித்தால் ஆவியாக வெளியேறி உள்ளே உள்ள காகிதத்தைக் காப்பாற்றும். அந்த ஈரம்தான் காலப்போக்கில் பூட்டைத் துருப்பிடிக்கவும் வைக்கிறது. அறை காய்ந்திருக்கிறது, பூட்டு மட்டும் ஏன் துருவேறுகிறது என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் விடை இதுதான். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள்.

மூடியைத் திறக்குமுன் இன்னொரு காரியம். கதவு திறந்திருக்கும்போது டயலை மெதுவாகத் திருப்பினால், லீவரின் மூக்கு ஓட்டும் சக்கரத்தின் பள்ளத்து இரண்டு ஓரங்களிலும் தட்டுவது விரலில் தெரியும். அந்த இரண்டு இடங்களிலும் டயல் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் டயலோ தண்டோ தளர்ந்திருக்கிறது. சக்கரங்கள் மேல் பழி இல்லை. இந்தக் குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன், தேவையில்லாமல் பூட்டைப் பிரிக்காமல் காப்பாற்றுகிறது. திறந்த கதவு இன்னும் நிறையச் சொல்லும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், திறந்திருந்த கோப்பு அலமாரியின் டயலைத் திருகியே கடைசி இரண்டு எண்களையும் கண்டுபிடித்துவிடுவார். எண் இரண்டு தள்ளிப்போனாலும் அந்தப் பூட்டுகள் திறக்கும் என்பதையும் அவர் கவனித்துவைத்திருந்தார். ஆகவே பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு யாரையும் டயலோடு தனியே விடாதீர்கள்.

சரி, பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். மூடியை எடுத்தவுடன் ஸ்பிரிங் விசையில் போல்ட்டை அடைக்கும் மறுபூட்டு சில பூட்டுகளில் உண்டு. அது எந்த நிலையில் இருந்தது என்பதும் படத்தில் விழ வேண்டும். சக்கரம், வாஷர், சக்கரம் என்று எடுத்த வரிசையில், எந்த முகம் மேலே இருந்ததோ அப்படியே ஒரு குச்சியில் கோத்துவிடுங்கள். வாஷர் ஒன்று இடம் மாறினாலோ தலைகீழானாலோ, எவ்வளவு சுத்தம் செய்தும் பூட்டு வேலை செய்யாது. சக்கரத்தின் நடுப்பகுதியையும் வெளிவளையத்தையும் மட்டும் பிரிக்காதீர்கள். எண்ணை மாற்றும் இடம் அது, அங்கே கை வைத்தால் பழைய எண் போய்விடும்.

பிசினைக் கரைக்க டர்பன்டைன் போன்ற பெயின்ட் கரைப்பான், துணி, மூங்கில் குச்சி போதும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் வேண்டாம், வெட்டின் ஓரம் மழுங்கினால் பூட்டின் நுட்பமே போய்விடும். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷும் ஆகாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களைச் சேமித்துவைத்தபோது பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை வார்த்தெடுக்காமல் இழுத்துச் செய்ததால் உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. உங்கள் பூட்டின் பித்தளை ஸ்பிரிங்கும் வாஷரும் அதே இனம்.

காய்ந்த பிறகு, வழிந்தோடாத மெல்லிய கிரீஸை விரல் நுனியில் தொட்டு, சக்கரங்கள் உட்காரும் குழாயிலும் போல்ட்டின் பக்கங்களிலும் தடவித் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம். சக்கரங்களின் விளிம்பும் லீவரின் கட்டையும் உலர்ந்தே இருக்கட்டும்.

டயலின் முகத்தைப் பளபளக்க வைக்க ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். எண்களின் பள்ளத்தில் உள்ள கறுப்பும் மேலே உள்ள நிக்கல் பூச்சும் பாலிஷில் போய்விடும், திரும்ப வராது. கதவில் தங்க ரேகையோ இயற்கைக் காட்சி ஓவியமோ இருந்தால் ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள், வார்னிஷ் கரைந்துவிடும். ஈரம் பிழிந்த மென்துணியே போதும். கதவின் பின்னால் கடிகாரங்கள் ஓடினால் அது நேரப் பூட்டு. காசாளரைப் பிடித்து மிரட்டி எண்ணை வாங்கும் கொள்ளையருக்கு எதிராக 1870களில் சார்ஜென்ட் பரவலாக்கிய ஏற்பாடு அது. அதைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபிறகு, கதவு திறந்தபடியே போல்ட்டை வெளியே தள்ளிப் பூட்டி, எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள். மூன்று முறை தொடர்ந்து திறக்க வேண்டும். நான்காவது முறை வீட்டில் வேறொருவர் கையால், நீங்கள் சொல்லிக்கொடுக்காமல், தாளில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத் திறக்கட்டும். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்பது தாளில் விட்டுப்போயிருந்தால் அப்போதுதான் தெரியவரும். தடுமாறினால் மூடியைத் திரும்பக் கழற்றி வாஷர்களைப் பாருங்கள். தடுமாறாமல் திறந்தால் கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம். அந்தத் தாளை மட்டும் பெட்டிக்கு வெளியே வையுங்கள். நன்றி, வணக்கம்.