சாமக்கொடைக்கு முன்னாலா, பின்னாலா?

(இளையோருக்கு நாவல் எழுத வந்திருப்பவர்களிடம் பாளையங்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போலீஸ் அடியைக் கண்ணால் பார்த்த ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை வைத்து நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சீமைக்கு அது வெளியூர்ச் சரக்கு இல்லை. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தில் தடியடி விழுந்து, தாமிரபரணியில் 17 பேர் செத்த கொக்கிரகுளம் இங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் பக்கம் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார். ஆக, கதைக்குப் பஞ்சமில்லை.

கதை கெட்டுப்போவது கடைசி அத்தியாயத்தில்தான். பிள்ளை மைக்கைப் பிடிக்கிறாள், ஊரே அழுகிறது, முற்றும். அமெரிக்க நாவல்களில் கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சி சொல்லும் கட்டம் வரும். வழக்கு போடலாமா வேண்டாமா என்று பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. நம்மிடம் அது கிடையாது. இங்கே அவள் ஒரே விஷயத்தைக் குறைந்தது ஐந்து தடவை சொல்ல வேண்டும். வீட்டில், போலீசிடம், சாவு விசாரிக்க வரும் மாஜிஸ்திரேட்டிடம், வாக்குமூலம் பதியும் மாஜிஸ்திரேட்டிடம், கடைசியாகக் கூண்டில். நாவலின் எலும்புக்கூடு இதுதான்.

ஒரு கதையை வைத்துப் பேசுவோம். சேரன்மகாதேவி பக்கத்து ஊர் ஒன்றில் சுடலைமாடன் கொடை, அதாவது கோயில் திருவிழா. அதில் நடுச்சாமத்தில் நடக்கும் பூசைதான் சாமக்கொடை. நம் பதினாறு வயதுப் பெண்ணின் அத்தை மகன், வயது பத்தொன்பது. பதினேழு என்று வைத்தால் லாக்கப்பில் வைப்பதே சட்டவிரோதம், கதை வேறு பாதையில் போய்விடும். கூட்டத்துக்குள் ஜீப் வருகிறது. "எந்த ஊருல, எந்தத் தெரு?" தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று நம்மூர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பையனை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தன் காலால் நடந்து போய்த்தான் அவன் ஏறினான். இவள் பார்த்தது அவ்வளவுதான். அடியைப் பார்க்கவில்லை. அப்படி வைப்பதுதான் நல்லது என்பேன். நடந்து போனவன் பிணமாக வந்தால், இடையில் நடந்ததற்கு ஸ்டேஷன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கைதானவனை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீக்கி, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவே சொல்கிறது. இந்தக் கணக்கில் தில்லுமுல்லு முன்பக்கத்தில் நடக்கும். இரவு 11 மணிக்குத் தூக்கியவனைக் காலை 6 மணிக்குக் கைது செய்ததாகக் காகிதம் பேசும். அந்த ஏழு மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாவல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. கைதுக் குறிப்பில் வீட்டார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். உங்கள் கதையில் போட்டவர் யார்? அதை முடிவு செய்யாமல் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.

காயத்தை எழுதும்போது அவசரம் கூடாது. லத்தி சதையில் விழுந்தால் இணையாக இரண்டு சிவந்த கோடு, நடுவில் வெளிறிய பட்டை. கன்றிப்போன இடம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், நாலைந்து நாள் கழித்துப் பச்சை, ஒரு வாரம் போல ஆனால் மஞ்சள். மறுநாளே மஞ்சள் என்று எழுதினால் டாக்டர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். உள்ளங்காலில் அடித்தால் வெளியே அதிகம் தெரியாது, நடையில்தான் தெரியும். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு' என்பதை நகைச்சுவையாக ஊரே பழகிவிட்டது. உங்கள் நாவலில் ஒருவராவது அதற்குச் சிரிக்காமல் இருக்கட்டும்.

காவலில் சாவு என்றால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. வந்து விசாரித்தார் என்று எழுதுகிறார்கள். 2006-லிருந்து அது நீதித்துறை மாஜிஸ்திரேட்டின் வேலை. பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் 'உடலை வாங்க மாட்டோம்' என்று சொந்தக்காரர்கள் உட்காருவது நம் நாட்டுக்கே உரிய காட்சி. அதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். மாமா அரசு வேலை கேட்கச் சொல்வார், சித்தப்பா கைது செய்யாமல் நகரக் கூடாது என்பார், ஆச்சி மட்டும் "பிள்ளைய ஐஸ்ல போட்டு வச்சிருக்கியளே" என்பாள். மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேமராவை மறக்க வேண்டாம். ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம், வசதியில்லாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாத்தான்குளத்தில் கேமரா இருந்தது. பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். உள்ளே நடந்ததைச் சொல்ல அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வேண்டியிருந்தது.

இனி பிள்ளை வாய்திறக்கும் இடங்கள். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும். அப்போது போலீஸ் எழுதும் வாக்குமூலம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 180. அதில் அவள் கையெழுத்து வாங்கக் கூடாது. பாதுகாப்புக்காக வைத்த விதிதான். ஆனால் தான் சொன்னதில் எது விட்டுப்போனது என்று அவளுக்குத் தெரியாமல் போகிறது. பல வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில், "இதைப் போலீசில் சொல்லவில்லையே, இப்போது யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்பார்கள். அதே சட்டத்தின் 183-வது பிரிவில் மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம் கெட்டி. அதில் கையெழுத்து உண்டு. ஆனால் சாட்சி தானாகப் போய்க் கேட்க முடியாது, விசாரணை அதிகாரிதான் மனு போட வேண்டும். அடித்தவர்களின் சகாவே அந்த அதிகாரி என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை ஏறிக் கேஸை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வீட்டுப் பயத்தைப் பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். அம்மை பீடி சுற்றுகிறவள். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகிறது. அண்ணன் வளைகுடா போக பாஸ்போர்ட் சரிபார்ப்பு அதே ஸ்டேஷனில் நிற்கிறது. யாரும் மிரட்டவே வேண்டாம். 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மிரட்டல் இருக்கிறதா என்று அறிக்கை தருவது போலீஸ் அதிகாரியே.

கூண்டில் ஏறும்போது அவளுக்கு இருபத்திரண்டு. சாத்தான்குளத்துக்கே 2025-லும் விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஜீப் எப்போது வந்தது என்று கேட்கிறார்கள். அவள் மணி பார்க்கவில்லை. "சாமக்கொடைக்கு முன்னால. வில்லுப்பாட்டுல மாடன் மலையாளம் போற இடம் படிச்சிட்டிருந்தாவ" என்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரிக்கிறார். தட்டச்சர் 'இரவு நேரத்தில்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். சாட்சியத்தை வாசித்துக்காட்டும்போது தப்பு இருந்தால் திருத்தக் கேட்க சாட்சிக்கு உரிமை உண்டு. அவள் கேட்கிறாள்: "ஐயா, சாமக்கொடைக்கு முன்னாலன்னு எழுதணும்."