ஓடட்டும் விடுங்க, நடுவரே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மொழிக்கு வளமா, தலைவலியா?’ என்பது தலைப்பு. நான் வளம் என்கிற கட்சி.

எதிரணித் தலைவர் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டார். “ஆறும் ஓடுது, மூக்கும் ஓடுது, கம்பெனியும் ஓடுது. ஓடாதது இவங்க வாதம் ஒண்ணுதான்”னு கைதட்டல் வாங்கிட்டார். வாங்கட்டும். பதில் சொல்லாம நான் உட்கார்றதா இல்லை.

ஒரு அப்பா. அவருக்கு ‘ரன்’னா ஓடு, அவ்வளவுதான். மகன் கடிதம் போடுறான். ‘ஐ ரேன் இன்டூ மை டீச்சர்.’ வாத்தியாரைத் தற்செயலாப் பார்த்தானாம். அப்பா படிச்சது: ‘ஓடிப்போய் வாத்தியார் மேல மோதிட்டேன்.’ அடுத்து, ‘ஹி வாஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்.’ அவருக்குக் காய்ச்சல். அப்பா: ‘மோதினதுல மனுஷன் சூடாகி ஓடுறார்!’ ‘ஹிஸ் மணி ஹேட் ரன் அவுட்.’ கையில காசு தீர்ந்துபோச்சு. அப்பா: ‘அடடா, பையில இருந்த பணமும் வெளிய ஓடிருச்சே!’ கடைசி வரி, ‘ஐ ரேன் ஹிம் ஹோம்.’ கார்ல கொண்டுபோய் வீட்டுல விட்டிருக்கான். அப்பா அழுதே விட்டார்: ‘பாவி, காய்ச்சல்காரரை வீடு வரைக்கும் ஓட ஓட விரட்டியிருக்கானே!’

தப்பு சொல் மேலயா? முதல் பொருளோட அகராதியை மூடினவர் மேலயா? ‘ரன்’ வந்தா வினையா பெயரான்னு பாருங்க. அப்புறம் ஒட்டி வர்ற குட்டிச் சொல், அதுக்கு அடுத்து வர்ற ஆள் அல்லது பொருள். ‘ரன் இன்டூ’வுக்குப் பின்னால நண்பர் வந்தா சந்திப்பு, மரம் வந்தா மோதல், கோடி வந்தா ‘அவ்வளவு ஆகும்’னு அர்த்தம். வங்கி மேல ‘ரன்’னா ஓட்டப்பந்தயம் இல்லை, போட்ட பணத்தை எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க முண்டியடிக்கிறது. வங்கி அதைக் கடனாக் கொடுத்திருக்கும், உடனே திரும்பாது. நல்ல வங்கியே சாயும்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில 1989 பதிப்பு வரைக்கும் ‘செட்’தான் மிக நீளமான பதிவு. பிறகு திருத்தி எழுதினப்போ ‘ரன்’ வினைக்கு மட்டும் 645 பொருள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்னா, 645 சொல்லைத் தனித்தனியா மனப்பாடம் பண்றீங்களா, தலைவரே?

சரி, அகராதி கிடக்கட்டும். நம்ம ‘ஓடு’ மட்டும் என்ன? ஆமைக்கும் ஓடு, கூரைக்கும் ஓடு. ஊர்ல ஒரு அம்மா, மகன் தூர தேசத்துல. போன்ல கேட்கிறான், “எப்படிம்மா இருக்கே?” “ஏதோ ஓடுதுப்பா.” மூட்டுவலி, தனியா உண்ற சோறு, நீ எப்ப வருவேங்கிற கேள்வி, எல்லாம் அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ‘அம்மா, ஒரே பொருள்ல பேசு’ன்னு அவகிட்டப் போய்ச் சொல்லுவீங்களா?

மணி அடிச்சுட்டீங்க, நடுவரே. அவளும் அப்படித்தான். பேச்சு பாதியில இருக்கும்போதே, “உனக்கு மீட்டர் ஓடும், வெச்சுடுப்பா”ம்பா.

வணக்கம்.