வெந்நீரில் எழும் அலை: கடற்கரையைப் பின்னும் ஒரு சோதனை

[காட்சி: ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள்]

ஊசியும் நூலும் வெச்சுக் கடற்கரையைப் பின்னணும்னா பலரும் நீலம், வெள்ளை, பழுப்புன்னு கலர் மாத்திப் படம் போடுவாங்க. தூரத்துல அழகா இருக்கும். கிட்ட போனா தட்டையான துணிதான். இங்கே படமே கிடையாது. நூலோட குணமே மணலையும் நுரையையும் உருவாக்கப் போகுது.

தேவை: நடுத்தரத் தடிமன்ல 50 கிராம் கம்பளி நூல், அதே தடிமன்ல 50 கிராம் பருத்தி நூல், 4 மி.மீ., 6 மி.மீ. ஊசிகள்.

நம்ம ஊர்க் கடைகள்ல "உல்லன்"னு விக்கிறது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது வெந்நீர்ல சுருங்காது, நமக்கோ கம்பளி சுருங்கணும். ஒரு துண்டைக் கிடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. முடி கருகுற வாடை வந்து, சாம்பல் நொறுங்கினா கம்பளி. உருகிக் கெட்டி மணியாச்சுன்னா அக்ரிலிக். லேபிள்ல "சூப்பர்வாஷ்"னு இருந்தா அசல் கம்பளியே ஆனாலும் வேண்டாம். சுருங்காம இருக்கப் பதப்படுத்தினது அது.

[காட்சி: ஊசியில் 45 கண்ணிகள் (நூல் வளையங்கள்)]

மணல்ல இருந்து ஆரம்பிப்போம். பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி, 45 கண்ணி. முதல் 4 வரிசை நிட் (முன்னாடி V மாதிரி வழவழப்பா தெரியுற கண்ணி), பர்ல் (முன்னாடி மேடா தெரியுற கண்ணி), நிட், பர்ல். அடுத்த 4 வரிசை பர்ல், நிட், பர்ல், நிட். இப்படியே 32 வரிசை. பர்ல் முகம் தெரியுற பட்டைகள் முன்னாடி புடைக்கும், நிட் பட்டைகள் உள்ளே போகும். மணல் வரி தானா வந்துடும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்ட கொண்டுபோகாதீங்க, எல்லாம் தட்டையாயிடும்.

இப்போ 6 மி.மீ. ஊசிக்கு மாறுங்க. முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல்: கம்பளி 8 வரிசை, பருத்தி 4 வரிசை. இதை 4 தடவை செஞ்சு, கடைசியா கம்பளி 8 வரிசை போட்டு முடிங்க. கண்ணி தளர்வா, ஓட்டையா தெரியும், அப்படித்தான் இருக்கணும். இறுக்கிப் பின்னினா இழைகள் நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு சிக்க இடமிருக்காது. நூல் மாத்தும்போது கம்பளியை ஓரமா மேலே இழுத்துட்டுப் போகாம வெட்டிடுங்க. இல்லேன்னா அந்த இழையும் சுருங்கி ஓரத்தைக் கோணலாக்கும்.

[காட்சி: நுரைக்கும் வாளி]

கம்பளி இழை மேல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூணும் சேர்ந்தா செதில்கள் கொக்கி போட்டுப் பின்னிக்கும், துணி சுருங்கும். பருத்திக்குச் செதில் இல்லை, அதனால அகலம் குறையாம கம்பளிப் பட்டைகளுக்கு நடுவுல பிதுங்கி நிக்கும். அதுதான் நுரை.

தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டி, பழைய ஜீன்ஸோட மெஷின்ல 60 டிகிரியில ஓட்டுங்க. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்க; அதிகமா சுருங்கினதைத் திரும்ப விரிக்க முடியாது. நடுவுல கதவு திறக்காத மெஷின்னா வாளியில கையுறை போட்டுக் கசக்குறதே மேல். கம்பளி அடர்நீலம், பருத்தி வெள்ளைன்னா, சாயம் விட்டுப் பருத்தி கெட்டுப்போகும். அதனால முதல்ல 20 கண்ணியில ரெண்டு நூலையும் சேர்த்து ஒரு மாதிரித் துண்டு பின்னி, கசக்கிப் பார்த்துடுங்க. எவ்வளவு சுருங்குதுன்னும் அதுலயே தெரிஞ்சுடும்.

பிழியாம துண்டுல சுருட்டி அழுத்தி, தட்டையா விரிச்சு, மணல் மடிப்புகளை விரலால எழுப்பிவிட்டுக் காயவைங்க.

[காட்சி: சுருள் விளிம்புள்ள கடற்பாசி]

பாசி வேணும்னா தனியா 10 கண்ணி. ஒவ்வொரு நிட் வரிசையிலும் எல்லாக் கண்ணியையும் இரட்டிப்பாக்குங்க: 20, 40, 80. விளிம்பு படுக்க இடமில்லாம சுருளும். 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துல கணித அறிஞர் டைனா டைமினா ஹைப்பர்போலிக் தளத்தை (விளிம்பை நோக்கிப் பரப்பு பெருகிட்டே போய்ச் சுருளுற வளைந்த பரப்பு) காட்டினது இதே கணக்குலதான். ஊசியில கண்ணி பெருகிச் சமாளிக்க முடியாமத்தான் அவங்க குரோஷாவுக்கு (ஒரே கொக்கி ஊசியால பின்னுற முறை) மாறினாங்க. நீங்களும் 80-லயே முடிச்சு, துணி நல்லாக் காய்ஞ்ச பிறகு தைச்சுக்குங்க.