நெஞ்சுக்கை அடைக்குது எண்டால்

வணக்கம். கூப்பிட்டதுக்கு நன்றி. எங்கட வீடுகளிலை இருக்கிற அப்பம்மா, அம்மம்மாவைப் பற்றித்தான் கதைக்கப் போறன். காலமை ஏழு மணிக்கு எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிடுவினம், பிறகு கனடாவிலை, இந்த ஸ்காபரோவிலை ஒரு வீட்டுக்குள்ளை அந்த மனிசி தனிய. மார்கழியிலை நாலரை, அஞ்சுக்கே இருட்டு, வெளியிலை ஐஸ், விழுந்தா இடுப்பு முறியும். ஊரிலை எண்டா வேலிப் பொட்டுக்காலை குரல் குடுத்தாலே அரை மணித்தியாலம் கதை.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவை, பேர் வேண்டாம், நெஞ்சுக்கை அடைக்குது எண்டு நாலு தரம் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோச்சினம். ஈசிஜி, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரி. "அம்மா, உங்களுக்கு ஒண்டுமில்லையாம்" எண்டு மகன் சந்தோசமாச் சொல்ல, அவவுக்குத் தன்னைப் பொய்க்காரி எண்ட மாதிரிக் கேட்டுதாம்.

ஒரு டொக்டர் மனசைப் பற்றியும் கேட்டவர்தான். மொழிபெயர்த்தது ஆர்? பதினொரு வயசுப் பேத்தி. "அப்பம்மா, நீங்கள் கவலையா இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்." அப்பம்மா என்ன சொல்லுவா? "எனக்கென்ன கவலை ராசாத்தி, உங்களோடைதானே இருக்கிறன்." டொக்டர் 'இல்லை' எண்டு எழுதிட்டார். அந்தப் பிள்ளைக்கு முன்னாலை வேறை என்னத்தைச் சொல்லுறது?

பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்கைதான் என்னட்டைச் சொன்னா. தனிய நிண்டு மோர்மிளகாய் பொரிக்கேக்கை ஸ்மோக் அலாரம் கத்தினதாம், அவ மேசைக்குக் கீழை குந்திட்டா. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்திலை சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு நடந்த சனத்துக்குள்ளை அவவும் ஒராள். அலாரம் கத்தின நாளிலை இருந்து அடுப்பே மூட்டேல்லை, பகலிலை பாணும் வாழைப்பழமும்தான். இரவிலை மருமகள் சமைக்கிறதாலை வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது.

மனசுக்கு ஏலாது எண்டு எங்கட ஆக்கள் சொல்லமாட்டினம், நெஞ்சு அடைக்குது, நாரி நோகுது, தலையிடி எண்டுதான் வரும். மனசுக்கெண்டு நாங்கள் வச்சிருக்கிறது விசர் எண்ட ஒரே சொல், அதை ஆர் தன்ரை தலையிலை தானே போடும்? அதுக்காக நெஞ்சு நோவை விடச் சொல்லேல்லை, முதல்லை ஹொஸ்பிடல்தான். ஆனா அங்கை மொழிபெயர்க்கப் பெரிய ஆள் ஒருத்தர் வேணும் எண்டு கேளுங்கோ, பேத்தியை விட்டிடுங்கோ. திரும்பவும் சொல்லுறன், பேத்தியை விட்டிடுங்கோ.

ஓ, முடிக்கச் சொல்லிக் கை காட்டுறார். ரெண்டு வேலை செய்யிற தேப்பன்மாரைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தனான், அவையும் ஒருத்தருக்கும் வாய் திறக்கிறேல்லை, சரி, அது இன்னொரு நாளைக்கு. பேனை எடுங்கோ. ஒன்ராறியோவிலை என்ன உதவி எங்கை கிடைக்கும் எண்டு கேக்கிற நம்பர் 211, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ் எண்டு சொன்னா மொழிபெயர்க்க ஆள் எடுத்துத் தருவினம். உயிரை விடுற யோசனை வந்தா 988, அது இங்கிலீசும் பிரெஞ்சும்தான், பக்கத்திலை ஒராளை வச்சுக்கொண்டு எடுங்கோ. 211, 988. வணக்கம்.