மணியோசையும் யானையும்: தீர்க்கதரிசனம் குறித்து ஓர் உரை

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, சபைச் செயற்குழுவின் பெரியோர்களே, சனிக்கிழமை மாலையென்றும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அடித்தள அமைப்புத் தலைவர் அவர்களே, பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து பாடகர் குழுவையும் அழைத்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, மகளிர் சங்கத்துச் சகோதரிகளே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் என் முன்னாள் மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் இன்னொரு நிகழ்ச்சிக்கும் போக வேண்டும் என்று அறிவேன். ஆகவே அவரை அதிகநேரம் காக்கவைக்க மாட்டேன் என்று இப்போதே வாக்களிக்கிறேன். அந்த வாக்கு நிறைவேறுமா என்பதை அவரே சோதித்துக்கொள்ளலாம்.

தீர்க்கதரிசி என்பவர் யார், அவர் சொன்னது நிறைவேறியதா என்பதை எப்படி அறிவது, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எப்படிப் படிப்பது என்று மூன்று பொருள்களைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நாம் ‘தீர்க்கதரிசி’ என்கிறோம், அதாவது நெடுந்தொலைவைக் காண்பவர். அருட்தந்தையின் சபையில் வழங்கும் திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்கிறது, அதாவது இறைவனின் வாக்கைச் சொல்பவர். ஒரு சொல் கண்ணைப் பற்றியது, மற்றது வாயைப் பற்றியது. எபிரேய மூலத்தில் இருக்கும் ‘நாவி’ என்ற சொல்லும், நம் மலாய் அண்டைவீட்டாரும் தமிழ் முஸ்லிம்களும் வழங்கும் ‘நபி’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சாமுவேலின் முதலாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில், இந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுகிறவர் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரர் எனப்பட்டார் என்று ஒரு குறிப்பு வருகிறது. காணாமற்போன கழுதைகளைத் தேடிப்போன சவுல், அவற்றின் போக்கைக் கேட்கத்தான் அப்படி ஒருவரை நாடிப் போனார். நம் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியரிடம் போய் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

ஆனால் பிற்காலத் தீர்க்கதரிசிகளின் வேலை கழுதை தேடுவதன்று. ஆமோஸ் தன்னைத் தீர்க்கதரிசியென்றே ஒப்புக்கொள்ளவில்லை. தான் மந்தை மேய்ப்பவன், காட்டத்திப்பழம் பொறுக்குபவன் என்றுதான் பெத்தேலின் ஆசாரியனிடம் சொன்னார். ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றவர்களையும் கள்ளத்தராசு வைத்தவர்களையும் கண்டித்ததே அவருடைய புத்தகத்தின் பெரும்பகுதி. வரப்போகும் அழிவைப் பற்றி அவர் பேசினார் என்றால், இன்று நடக்கும் அநியாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டவே பேசினார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார் என் பாட்டி. தீர்க்கதரிசி அந்த மணி. யானை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு நம் தெருமுனையைத் தொடும் என்பதை எந்த மணியும் சொன்னதில்லை.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2011ஆம் ஆண்டு மே 21 சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அந்தந்த நாட்டு நேரப்படி, நியாயத்தீர்ப்பு தொடங்கும் என்று ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் கணக்குப் போட்டுச் சொன்னார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில், கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குடியிருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை வாத்தியார் என்பார். அவருக்கு யாரோ அந்தத் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவுக்கு முன்பே நமக்கு ஆறு மணி ஆகிவிடும் என்பதை அவரே கண்டுபிடித்து, அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்த்தார். கூண்டுப் பறவை இரண்டையும் எதிர்வீட்டுச் சீனச் சிறுவனுக்குக் கொடுத்தார். மனைவி ஈரச்சந்தைக்குப் புறப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் எதற்கு என்று தடுத்தார். அந்த அம்மையாரோ ஒரு வார்த்தையும் பேசாமல் போய்க் குறுப்பா மீன் வாங்கி வந்து, உப்புத் தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். பிற்பாடு அதைப் பற்றிக் கேட்டபோது, “அவர் கணக்கு அவருக்கு, என் கணக்கு எனக்கு” என்றார்.

அன்று மாலை ஐந்தரைக்கே அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் பின்பக்கம் ஒரு கல்மேசையருகே அமர்ந்திருந்தார். மழை இடியோடு இறங்கியது. ஆறு மணியும் ஆயிற்று. சரியாக அந்த நேரத்தில், கட்டடமே அதிரும்படி ஒரு முழக்கம் கேட்டது. அண்ணாச்சி எழுந்து, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தினார். மறுபக்கக் கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம் ஒன்று நடந்துகொண்டிருந்ததும், மழையால் தாமதமான மாப்பிள்ளையைக் கொம்பாங் மேளம் கொட்டி அழைத்து வருகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டார், இவர் தங்களை வாழ்த்துவதற்காகக் கையை உயர்த்தியிருக்கிறார் என்று எண்ணி, கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்து, பிரியாணித் தட்டை முன்னால் வைத்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வரும்போது அவர் கண்ணீரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மணியோசை கேட்டது வாத்தியாரே, யானையைத்தான் காணோம்” என்றார். நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தேன். மறுநாள் பகல் அவர் வீட்டில் மீன் குழம்பு.

அண்ணாச்சியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. கிறிஸ்து திரும்பி வருவார் என்று 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்த, வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியாரின் ஆயிரக்கணக்கான சீடர்களும் இப்படித்தான் விடியும்வரை விழித்திருந்தார்கள். கேம்பிங் பின்னர் அக்டோபர் 21 என்று தேதியை மாற்றி, அதுவும் பொய்த்தபின் தவற்றை ஒப்புக்கொண்டார். “அந்த நாளையும் அந்த நாழிகையையும்” பிதாவைத் தவிர எவரும் அறியார் என்று மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் கர்த்தரே சொல்லியிருக்க, நாம் ஏன் இப்படி ஏமாறுகிறோம்? வேதத்தை நம் மொழியில் உரக்க வாசிக்காததே காரணம் என்பது என் கருத்து. உபாகமம் 18ஆம் அதிகாரம் விலக்கும் பட்டியலைத் தமிழில் கேளுங்கள்: குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன். நாள்பார்க்கிறவன்! கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவரை மட்டுமா அந்தச் சொல் குத்துகிறது, உலக முடிவுக்கு நாள் பார்ப்பவரையும் அல்லவா குத்துகிறது? ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் குத்து உறைப்பதில்லை.

இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். ஒருவர் சொன்ன காரியம் நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று அதே உபாகமம் 18ஆம் அதிகாரம் அளவுகோல் தருகிறது. பாபிலோனின் நுகம், அதாவது யூதாவின்மேல் இருந்த அதன் ஆதிக்கம், இரண்டு வருஷத்தில் முறியும் என்ற பொய்த் தீர்க்கதரிசி அனனியாவை எரேமியா தீர்க்கதரிசி எதிர்த்தார். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனார், நுகமோ முறியவில்லை. ஆனால் இன்னும் நாற்பது நாளில் நினிவே நகரம் கவிழும் என்றார் யோனா, அது கவிழவில்லை. அப்படியானால் யோனா பொய்யரா? இதற்கு எரேமியா 18இல் விடை இருக்கிறது. எச்சரிக்கப்பட்ட ஜாதி தன் தீமையைவிட்டுத் திரும்பினால், தாமும் அந்தத் தீங்கைச் செய்யாதிருப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். மணியோசை கேட்டு மக்கள் வழிவிட்டார்கள், யானை திரும்பிப் போயிற்று. மணி பொய் சொல்லவில்லை. தான் சொன்னது பலிக்காததற்காகக் கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தவர் யோனா ஒருவர்தான். இன்றைக்கும் அந்த வகைப் பிரசங்கிமார் உண்டு. பெயர் சொல்லப்போவதில்லை. ஆயர் அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் அவருக்கும் சிலரைத் தெரியும் போலிருக்கிறது.

பெத்லகேமைப் பற்றிய மீகாவின் வாக்கையும், ஆகாஸ் ராஜாவின் நெருக்கடியில் ஏசாயா சொன்ன இம்மானுவேல் வாக்கை மத்தேயு கிறிஸ்துவில் நிறைவேறக் கண்ட விதத்தையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் ஓடிவிட்டது. வெளிப்படுத்தின விசேஷத்தை இன்று தொடவே முடியாது, மன்னிக்க வேண்டும்.

சொல்லாமல் விடமுடியாதது ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் புத்தகம் வரையில்தான் வந்திருந்தார், 1719இல் இறந்துபோனார். தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் அவருக்குப் பின்வந்த சூல்ட்சேயின் உழைப்பால்தான் தமிழுக்கு வந்தன. இத்தனை பாடுபட்டு வந்த ஏசாயாவையும் எரேமியாவையும் நம் ஞாயிறு பள்ளியில் இன்று தமிழில் வாசிக்கும் பிள்ளைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பள்ளியில் கற்கிறார்கள், தேர்வும் எழுதுகிறார்கள், ஆனால் ஆலயத்துக்குள் வந்ததும் அது பாட்டியின் மொழியாகிவிடுகிறது. மொழி போவதற்கும் முன்னே மணியோசை உண்டு. எனக்கு அது கேட்கிறது.

ஆகவே அடுத்த சனிக்கிழமை முதல் மாலை நான்கு மணிக்கு, இந்த மண்டபத்தின் மேல்மாடி அறையில், தமிழ் வேத வாசிப்பு வகுப்பு தொடங்குகிறது. கட்டணம் இல்லை. ஆமோஸ் ஒன்பது அதிகாரந்தான், அதிலிருந்து ஆரம்பிக்கிறோம். அருட்தந்தை அவர்கள் திருவிவிலியப் பிரதிகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். வாசலில் தேநீருக்குப் பக்கத்திலேயே பதிவுப் படிவம் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே தமிழில் எழுத வேண்டும், பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.