டயானாவோட நீல வெல்வெட் கவுன்: தைச்சவர் பேரை யார் சொல்றாங்க?

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 1985 நவம்பர் 9, வாஷிங்டன்ல வெள்ளை மாளிகை விருந்து, இளவரசி டயானா நடிகர் ஜான் டிராவோல்டாவோட டான்ஸ் ஆடுற போட்டோ. உங்கள்ல பாதிப் பேராவது பாத்திருப்பீங்க. அந்த கவுன் கருப்புன்னுதான் நிறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, கருப்பு இல்லீங்க, மிட்நைட் ப்ளூ, வெல்வெட் வெளிச்சத்த அப்படியே உள்ள இழுத்துக்கும், அதனால போட்டோல கருப்பாத் தெரியுது. ஆடினவங்க ரெண்டு பேரு பேரும் உலகத்துக்கே தெரியும், ஆனா அத டிசைன் பண்ணின விக்டர் எடெல்ஸ்டீன் பேர எத்தன பேர் சொல்றோம்? எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

எடெல்ஸ்டீன் லண்டன்காரர். பிபாங்கிற லண்டன் ஃபேஷன் கடைக்கும், லண்டன்ல இருந்த கிறிஸ்டியன் டியோர் ஃபேஷன் கம்பெனிக்கும் வேலை பாத்துட்டு 1978ல சொந்தமா ஆரம்பிச்சார். இந்த டிசைன டயானா அவரோட ஸ்டுடியோல பர்கண்டி கலர்ல பாத்துட்டு, எனக்கு நீலத்துல வேணும்னு கேட்டிருக்காங்க. கடைசி ஃபிட்டிங் கென்சிங்டன் அரண்மனையில, போட்டுப் பாத்த சந்தோஷத்துல ஓடிப்போய் கணவர் சார்லஸ்கிட்ட காட்டினாங்களாம். தோள் இறங்கின கழுத்து, உடம்போட ஒட்டின மேல்பாகம், கீழ விரியுற பாவாடை, 1900கள்ல எட்வர்டு ராஜா காலத்து ஸ்டைல்.

இப்ப தையல் படிக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. வெல்வெட்ட பெரும்பாலும் ரெண்டு துணியா ஒண்ணுமேல ஒண்ணு நெய்வாங்க, நடுவுல ரெண்டையும் சேத்து ஓடுற நூல கத்தி வெட்டிக்கிட்டே போகும், அப்ப ரெண்டு வெல்வெட்டா பிரியும், அந்த வெட்டின நூல் முனைதான் நம்ம கைக்கு மெத்துனு படுது. அந்த முனை எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்கும், ஒரு துண்ட மட்டும் தலைகீழா வெட்டிட்டோம்னா பாவாடையில அது வேற கலர் மாதிரி தனியாத் தெரியும். மெஷின்ல வெச்சா மேல்துணி நழுவி நழுவிப் போகும், அதனால முதல்ல கையால ஓட்டிப் பிடிச்சுக்கணும், பிரிச்சுத் தைச்சா ஊசித் தடம் போகாது, மேல அயர்ன் பாக்ஸ அழுத்தி வெச்சா அந்த இடம் மினுக்கம் அடிச்சு செத்துடும், ஆவிதான் காட்டணும். அப்படிப்பட்ட துணியில ஒரு சுருக்கம் இல்லாம உடம்பு வளைவுக்கு உக்கார வெக்கிறது லேசான வேலையே இல்ல.

1997 ஜூன் 25, நியூயார்க்ல கிறிஸ்டீஸ்ங்கிற ஏல நிறுவனத்துல டயானா தன்னோட 79 டிரஸ்ஸ ஏலம் விட்டாங்க, காசு எய்ட்ஸ், கேன்சர் அறக்கட்டளைகளுக்கு. யோசனை சொன்னது மகன் வில்லியம். இந்த கவுன் 2,22,500 டாலருக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி ஏலத்துல அதிக விலைக்குப் போன துணின்னு பேர் வாங்கியிருந்தது எது தெரியுமா, இதே டிராவோல்டா 1977ல சினிமாவுல போட்ட வெள்ளை சூட்டு, 1,45,500 டாலர். அத இந்த வெல்வெட் தாண்டிடுச்சு. ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட் 31, டயானா இறந்துட்டாங்க.

2013ல லண்டன் ஏலத்துல 2,40,000 பவுண்டுக்கு வேற கை மாறுச்சு. 2019 டிசம்பர்ல திரும்ப ஏலத்துக்கு வந்தப்ப எதிர்பாத்த விலை வரல, அப்புறம்தான் ஹிஸ்டாரிக் ராயல் பேலஸஸ் 2,20,000 பவுண்டு கொடுத்து வாங்கினாங்க, கென்சிங்டன் அரண்மனையப் பாத்துக்கிற அறக்கட்டளை அது. கடைசி ஃபிட்டிங் நடந்த அரண்மனைய நடத்துறவங்ககிட்டயே வந்து சேந்துடுச்சு, எனக்கு இத நெனச்சா இப்பவும் சந்தோஷமா இருக்கும். தனியார் பீரோவுல இருந்தா அது வெறும் விலை உசந்த டிரஸ், பொதுச் சேகரிப்புல இருந்தாத்தான் அந்தத் தையல வருங்கால மாணவர்கள் கிட்டக்க நின்னு பாக்க முடியும். எப்பவும் வெளியில வெக்க மாட்டாங்க, பழைய துணிக்கு வெளிச்சமே எதிரி, 50 லக்ஸ் (லக்ஸ்ங்கிறது வெளிச்சத்த அளக்குற அலகு) அளவு மங்கல் வெளிச்சத்துலதான் மியூசியங்கள்ல காட்டுவாங்க.

எடெல்ஸ்டீன் 1993லயே கடைய மூடிட்டு ஓவியம் வரையப் போயிட்டார். ஆனா 2023 ஜனவரில அவர் டயானாவுக்குச் செஞ்ச இன்னொரு வெல்வெட் கவுன், கத்திரிப்பூ கலர், 1989 டிசைன், நியூயார்க்ல சோத்பீஸ்ங்கிற ஏல நிறுவனத்துல ஏலத்துக்கு வந்துச்சு. மதிப்பு போட்டது அதிகபட்சம் 1,20,000 டாலர், போனது 6,04,800. அதுவும் ஒரு மியூசியத்துக்கு வந்து சேரணும்னு நான் மனசார ஆசப்படறேன்.